புதுப் பாகங்கள் மாற்றியும் இன்ஜின் சூடாவது ஏன்?

குடியாத்தத்திலிருந்து ஒரு வாசகர் எழுதுகிறார்: 'என்னுடைய பழைய கார்புரேட்டர் மாருதி 800 நெரிசலில் நின்றால் சூடாகிவிடுகிறது, நெடுஞ்சாலையில் தொல்லை இல்லை. நானே தெர்மோஸ்டாட்டையும் (சூடானதும் கூலன்ட்டுக்கு வழி திறக்கும் வால்வு) ஃபேன் சுவிட்சையும் (சூடு கண்டு ஃபேனை ஓடவிடும் சுவிட்ச்) மாற்றினேன். ஒரு போல்ட் உடைந்ததுதான் மிச்சம். அடுத்து எதை மாற்றலாம்?'

இப்போதைக்கு எதையும் மாற்ற வேண்டாம். வண்டி ஓடும்போது எதிர்க்காற்றே ரேடியேட்டரைக் குளிர்விக்கும். நின்றிருக்கும்போது அந்த வேலை முழுவதும் மின்விசிறியின் தலையில் விழுகிறது. எனவே முதல் சந்தேகம் ஃபேன் மீதுதான். ஏலகிரியின் 14 கொண்டை ஊசி வளைவுகளில் ஏறும்போது மட்டும் சூடானால், அடைபட்ட ரேடியேட்டரைச் சந்தேகித்திருப்பேன்.

ஃபேன் மோட்டாருக்குப் பேட்டரியிலிருந்து நேரடியாக மின்சாரம் கொடுத்துப் பாருங்கள். சுற்றவில்லையென்றால் மோட்டார் பழுது. சுற்றினால் ஃபியூஸ், ரிலே, எர்த் இணைப்பு ஆகியவற்றைச் சோதியுங்கள். இவையும் சரியாக இருந்தால், தெர்மோஸ்டாட்டை மாற்றியபோது உள்ளே காற்று தங்கிவிட்டதா என்று பார்க்க வேண்டும். சொந்தமாக வேலை செய்பவர்கள் பெரும்பாலும் தவறவிடுவது இதைத்தான். சுவிட்சைச் சுற்றி வெந்நீருக்குப் பதிலாகக் காற்று நின்றால், இன்ஜின் கொதித்தாலும் சுவிட்சுக்கு அது தெரியாது; புது சுவிட்சாக இருந்தாலும் ஃபேன் சுற்றாது. இன்ஜின் முழுவதும் ஆறிய பிறகு ரேடியேட்டர் மூடியைத் திறந்து, கூலன்ட்டை மெதுவாக நிரப்பி, மேல் ஹோஸ் சூடாகும் வரை இன்ஜினை ஐடிலில் ஓடவிடுங்கள். தெர்மோஸ்டாட் திறந்ததும் குமிழிகள் கிளம்பி மட்டம் இறங்கும்; இறங்க இறங்க நிரப்புங்கள். சூடான இன்ஜினில் மூடியைத் திறப்பது மட்டும் கூடவே கூடாது.

போர் தண்ணீரை ஊற்றாதீர்கள். வெந்நீர்ப் பாத்திரத்தின் அடியில் படியும் வெள்ளைப் படிவத்தை நம் வட்டாரத்தில் அறியாதவர் இல்லை. அதே படிவம் ரேடியேட்டரின் மெல்லிய குழாய்களையும் அடைத்துவிடும். டிஸ்டில்டு வாட்டரும் கூலன்ட்டும் கலந்து ஊற்றுவதே முறை. ஒரு கோடைக்கு மிச்சப்படும் சில நூறு ரூபாய், பிறகு ரேடியேட்டர் விலையாகத் திரும்பி வரும்.

போல்ட் உடைந்ததற்கு உங்கள் கைவேலையைக் குறை சொல்ல மாட்டேன். அலுமினியத்தில் பல ஆண்டுகள் இருக்கும் இரும்பு போல்ட் துருவேறி இறுகிப்போகும். உடைந்த தண்டு சற்று வெளியே நீண்டிருந்தால், அதன்மேல் ஒரு நட்டை வைத்து வெல்டிங் செய்து திருகி எடுத்துவிடலாம். அந்தச் சூட்டிலேயே துருப்பிடிப்பு தளரும். தண்டு உள்ளேயே முறிந்திருந்தால், வீட்டில் டிரில் செய்ய முயலாமல் லேத் பட்டறைக்குக் கொடுங்கள். அலுமினியத்தில் மரை போய்விட்டால் செலவு பல மடங்காகும்.

காற்று முழுவதும் வெளியேறிய பிறகும் குமிழிகள் தொடர்ந்து கிளம்பினாலோ, ஆயில் மூடியின் அடியில் பால் போன்ற வெண்மை தெரிந்தாலோ, ஹெட் கேஸ்கெட் (இன்ஜின் பிளாக்குக்கும் அதன் மேல்பகுதியான ஹெட்டுக்கும் இடையிலுள்ள அடைப்புத் தகடு) போயிருக்கலாம். அந்த நிலையில் வண்டியை ஓட்டாமல் கட்டி இழுத்துச் சென்று, கேஸ்கெட்டோடு ஹெட் வளைந்திருக்கிறதா என்பதையும் சோதிக்கச் சொல்லுங்கள்.