பிள்ளை பெற்ற பிறகு சர்க்கரையும் எடையும்: கேள்வி பதில்

மண்டபம்: கர்ப்பத்தில் சர்க்கரை இருந்து இன்சுலின் போட்டேன். பிரசவத்தோடு நிறுத்திவிட்டார்கள். இப்போது வெறும் வயிற்றில் 92. இனி பயமில்லைதானே அக்கா?

92 நல்ல அளவுதான். ஆனால் அதை மட்டும் வைத்து முடிவு கட்டாதீர்கள். பிரசவமாகி ஆறாவது வாரம், 75 கிராம் குளுக்கோஸைத் தண்ணீரில் கரைத்துக் குடிக்கவைத்து, இரண்டு மணி நேரம் கழித்து ரத்தம் எடுப்பார்கள். 140-க்குக் கீழே இருந்தால் சரி. 140 முதல் 199 வரை எல்லைக்கோடு. 200-ஐத் தொட்டால் சர்க்கரை நோய். மூன்று மாதச் சராசரிச் சோதனை இப்போதைக்கு வேண்டாம், பிரசவத்தில் ரத்தம் போயிருக்கும்போது அது சரியாகக் காட்டாது. ஆறாவது வாரம் பிள்ளைக்குத் தடுப்பூசி போடப் போவீர்கள் அல்லவா, அன்றைக்கே வெறும் வயிற்றோடு போய் இதையும் முடித்துவிடுங்கள். சரியாக இருந்தாலும் வருடம் ஒருமுறை பாருங்கள்.

தொண்டி: பால் சுரக்க மாமியார் தினமும் சுறாப்புட்டு வைக்கிறார். சாப்பிடலாமா?

பேர்தான் புட்டு, மாவு கிடையாது. வேகவைத்துத் தோலுரித்து உதிர்த்த மீனும் பூண்டும் சின்ன வெங்காயமும்தான், அதில் சர்க்கரை ஏறாது. ஏற்றுவது பக்கத்தில் குவித்த சோறு. சோற்றை ஒரு கரண்டி குறைத்து முருங்கைக்கீரையைக் கூட்டுங்கள். ஆனால் தினமும் சுறா வேண்டாம். பெரிய மீனில் பாதரசம் சேரும், அது பாலிலும் கொஞ்சம் போகும். காரல், சூடை, நெத்திலி என்று மாற்றிக் கொடுக்கச் சொல்லுங்கள். காரல் சாறு என்றால் மாமியாரே மறுக்கமாட்டார்.

சாயல்குடி: எங்கள் ஊர்க் கருப்பட்டி சர்க்கரையை ஏற்றாது. பிரசவ மருந்தில் அது இல்லாமல் எப்படி?

இதற்குத்தான் காத்திருந்தேன். கருப்பட்டி என்பது பதநீரைக் காய்ச்சிச் சுண்டவைத்தது. அதில் பெரும்பகுதி சுக்ரோஸ், வெள்ளைச் சீனியிலும் அதேதான். தாது உப்புகள் கொஞ்சம் உண்டு, ஆனால் அதற்காக உருண்டை உருண்டையாகத் தின்ன முடியாது. சுக்கு, மிளகு, பூண்டு எல்லாம் இருக்கட்டும், கருப்பட்டியைப் பேருக்குப் போடுங்கள்.

அதே சாயல்குடி: எங்கள் பாட்டி காலத்தில் யாருக்கு வந்தது சர்க்கரை?

பாட்டி விறகு சுமந்தார், தண்ணீர் இறைத்தார். அவர் காலத்தில் யார் சோதித்தார்கள்? வாதம் எதற்கு, வீட்டில் குளுக்கோமீட்டர் இருந்தால் மருந்து உருண்டை சாப்பிட்டு இரண்டு மணி நேரம் கழித்து விரலைக் குத்திப் பாருங்கள்.

ஏர்வாடி: பனங்கற்கண்டு?

மேலே படிக்கவும்.

தேவிபட்டினம்: தேன்?

அதுவும் சர்க்கரைதான் தங்கச்சி.

பாம்பன்: பிள்ளைக்கு மூன்று மாதம். எடை குறைய ராத்திரியில் பட்டினி கிடக்கிறேன்.

கிடக்காதீர்கள். தாய்ப்பால் கொடுக்கும் முதல் ஆறு மாதம், நாளுக்கு ஏறக்குறைய 600 கலோரி கூடுதலாக வேண்டும். வாரம் அரைக் கிலோ குறைந்தாலே போதும். வடை, முறுக்கு, டீயில் சீனி, இவற்றை விடுங்கள். சாப்பிட்டதும் படுக்காமல் கடற்கரைப் பக்கம் கால் மணி நேரம் நடங்கள். இன்சுலினோ மாத்திரையோ போடுபவர் பட்டினி கிடந்தால் சர்க்கரை தாழ்ந்து மயக்கம் வரும்.

ராமேஸ்வரம்: சர்க்கரைக்குப் போடும் மெட்பார்மின் மாத்திரை பாலில் போகுமா? நிறுத்திவிடவா?

மிகக் கொஞ்சம்தான் போகும். நீங்களாக நிறுத்தாதீர்கள், எழுதிக்கொடுத்த மருத்துவரிடம் கேளுங்கள்.

கீழக்கரை: பெருநாளுக்குத் தொதல் ஒரு துண்டு? கருப்பட்டி போட்டதுதான்!

மறுபடியும் கருப்பட்டியா! அதோடு அரிசி மாவும் தேங்காய்ப்பாலும் வேறு சேர்ந்திருக்கிறது. பெருநாளன்று சின்னத் துண்டு ஒன்று சாப்பிடுங்கள், பெட்டியை விருந்தாளிகளிடம் தள்ளிவிடுங்கள். ஆறாவது வாரச் சோதனை எடுத்தீர்களா? அதைச் சொல்லவேயில்லையே.