அப்பாவின் நாசி கண்டாரும் மகளின் கைப்பேசியும்

கேள்வி: என் அப்பாவுக்கு 63 வயது. இனிப்பு நீர் வந்து ஆறு வருஷம். மாத்திரைதான், ஊசி இல்லை. போன முறை அரசாங்க கிளினிக்கில் எச்பிஏ1சி (மூன்று மாதச் சீனி அளவு) 9-ஐத் தாண்டிவிட்டது என்று இருவரும் திட்டு வாங்கி வந்தோம். அவர் கைப்பேசியில் கலோரி எண்ணும் செயலி ஒன்றைப் போட்டுக் கொடுத்தேன். இரண்டு நாள் ஒழுங்காக எழுதினார். அப்புறம் தினமும் 'இட்லி 2' என்று மட்டும் எழுதுகிறார். அவருடைய இ-வாலட் என் எண்ணில் திறந்தது. காலை 10.40-க்கு நாசி கண்டார் கடையில் 13 வெள்ளி போனது எனக்கு வந்துவிட்டது. கேட்டேன், பெரிய சண்டை. இப்போது ரொக்கமாகக் கொடுத்துச் சாப்பிடுகிறார். ஜொகூரில் இருக்கும் அண்ணன், சீனி அளக்கக் கையில் ஒட்டும் சென்சார் வாங்கலாம் என்கிறார். நானோ பாயான் லெப்பாசில் ஷிப்ட் வேலை செய்து, இரவு 11 மணிக்கு வந்து எதையாவது ஆர்டர் பண்ணிச் சாப்பிட்டுப் படுப்பவள். அவரை எந்நேரமும் கவனிக்க முடியாது. நல்ல செயலி எது என்று சொல்லுங்கள்.
– மகள், ஆயர் ஈத்தாம், பினாங்கு

பதில்:

அன்புத் தங்கைக்கு,

'இட்லி 2' என்று படித்ததும் சிரித்துவிட்டேன், கோபித்துக்கொள்ளாதீர்கள். என்ன எழுதினால் அந்தச் செயலி வாயை மூடிக்கொள்ளும் என்பதை உங்கள் அப்பா மூன்றாம் நாளே கண்டுபிடித்துவிட்டார்.

அவர் மேல் மட்டும் குறை இல்லை. நாசி கண்டாரை எந்தச் செயலியில் எப்படி எழுதுவது? சோறு எத்தனை கிராம், கோழிக் குழம்பு எத்தனை கரண்டி, அதன் மேல் 'பஞ்சிர்' என்று கேட்டு வாங்கிய மூன்று வகைக் குழம்பில் எண்ணெய் எவ்வளவு? ஊற்றிக் கொடுத்தவருக்கே தெரியாது. நானும் ஒரு காலத்தில் சமையலறைத் தராசு வாங்கிச் சோற்றை நிறுத்துப் பார்த்தவள்தான். பதினோராம் நாள் ஒரு புளிக்குழம்பில் மாட்டிக்கொண்டேன். தராசு இப்போது தீபாவளிப் பலகாரத்துக்கு மாவு நிறுக்கிறது. பொட்டலத்தில் வரும் பிஸ்கட், ரொட்டிக்குக் கலோரிக் கணக்கு சரிப்படும். நம் சமையலுக்கு அது ஊகம்தான், அதை எழுதவே அரை மணி நேரம் போய்விடும்.

அதைவிடப் பெரிய சிக்கல் அந்த இ-வாலட். வாழ்நாள் முழுக்கச் சம்பாதித்துச் சாப்பிட்ட மனுஷர், எத்தனை மணிக்கு எந்தக் கடையில் உட்கார்ந்தார் என்று மகள் கணக்குக் கேட்டால் என்ன செய்வார்? ரொக்கத்துக்கு மாறுவார். மாறிவிட்டார். இன்னொரு நல்ல செயலி போட்டாலும் அதற்கும் ஒரு 'இட்லி 2' கண்டுபிடிப்பார்.

அதனால் கைப்பேசியில் ஏற்கெனவே இருக்கும் கேமராவிலிருந்து தொடங்குங்கள். எழுத வேண்டாம், எண்ண வேண்டாம். சாப்பிடும் முன் தட்டுக்கு நேர் மேலிருந்து ஒரு படம், அவ்வளவுதான். கடையில் சாப்பிட்டாலும் எடுக்கலாம், யாரும் திட்ட மாட்டார்கள் என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள். ஒரு வாரம் கழித்து அந்தப் படங்களை வரிசையாக வைத்து அவரையே பார்க்கச் சொல்லுங்கள். நான் உணவு ஆலோசனைக்கு உட்கார்ந்த வருஷங்களில் இதைப் பல தடவை பார்த்திருக்கிறேன். முதலில் "நல்லாத்தானே இருக்கு" என்பார்கள். அப்புறம் கட்டைவிரல் மெதுவாக நகரும். திங்கள் பழுப்பு, செவ்வாய் பழுப்பு, புதன் பழுப்பு, ஓரத்தில் ஒரு அப்பளம். பச்சை எங்கே என்று நாம் கேட்கவே வேண்டியதில்லை.

அந்த நேரத்தில் சுகாதார அமைச்சின் 'சுக்கு-சுக்கு செப்பாரு' தட்டுப் படத்தைப் பக்கத்தில் காட்டலாம். கால் பங்கு சோறு, கால் பங்கு மீன், கோழி அல்லது பருப்பு, மீதிப் பாதி காய்கறியும் பழமும். (என்னிடம் வந்த ஒரு பாட்டி இதைக் கேட்டுவிட்டு ஒரு மாதம் சோற்றோடு சுக்கு அரைத்துச் சாப்பிட்டார். நம் காதுக்கு அப்படித்தானே விழும்!) இதற்காகக் கடையை மாற்ற வேண்டாம். 'நாசி செப்பாரு' என்று கேட்டால் பாதிச் சோறு வைப்பார்கள். வெண்டைக்காயும் முட்டைக்கோசும் அதே கண்ணாடிக்குப் பின்னால்தான் இருக்கின்றன. குழம்பை ஒரே வகையாகக் குறைத்துக்கொள்ளட்டும்.

படம் பாதி வேலைதான் செய்யும். மீதிக்கு விரலில் குத்திப் பார்க்கும் சாதாரணக் குளுக்கோமீட்டர் போதும். ஒரு நாள் வழக்கமான நாசி கண்டார். முதல் வாய்க்கு முன் ஒரு தடவை, சாப்பிடத் தொடங்கி இரண்டு மணி நேரம் கழித்து ஒரு தடவை. இன்னொரு நாள் அதே கடை, அதே கோழி, பாதிச் சோறு, வெண்டைக்காய், மறுபடி இரண்டு தடவை. நான்கு எண்களையும் அந்தந்தப் படத்தின் கீழே அவரே குறித்து வைக்கட்டும். நீங்கள் நூறு தடவை சொல்லி நடக்காதது அவர் விரலிலிருந்து வந்த எண்ணால் நடக்கலாம். எச்பிஏ1சி மூன்று மாதக் கதையை மொத்தமாகச் சொல்லும். எந்தச் சாப்பாடு ஏற்றியது என்று அதில் தெரியாது.

இங்கே ஒரு எச்சரிக்கை. அவருடைய மாத்திரைகளில் க்ளிக்லசைட் போன்றது இருந்தால், திடீரென்று சோற்றைக் குறைக்கும்போது சீனி மிகவும் இறங்கிவிடலாம். தொடங்கும் முன் கிளினிக்கில் சொல்லிவிடுங்கள். வியர்த்து, கை நடுங்கி, எண் 4-க்குக் கீழே (mmol/L அளவில்) போனால் மூன்று தேக்கரண்டி சீனி கரைத்த தண்ணீரை உடனே குடிக்க வேண்டும். கால் மணி நேரத்தில் மறுபடி சோதிக்க வேண்டும். இதை வீட்டில் எல்லோரும் தெரிந்து வைத்திருங்கள்.

அண்ணனின் சென்சார் கெட்ட பொருள் இல்லை. தோலுக்கு அடியிலுள்ள நீரில் சீனியை அளந்து கைப்பேசிக்கு அனுப்பும். ரத்தத்தில் ஏறுவதைச் சில நிமிஷம் தாமதமாகக் காட்டும். அதிகம் விற்கும் வகைகளில் ஒன்றை 14 நாளுக்கு ஒருமுறை மாற்ற வேண்டும், விலையும் கொஞ்சமில்லை. ஆனால் இப்போதைய நிலையில் அந்த எண்கள் அண்ணன் கைப்பேசிக்கும் போகும், ஜொகூரிலிருந்து ஒரு போன் வரும், அடுத்த நாள் சென்சார் குப்பைத் தொட்டியில் கிடக்கும். சண்டை ஆறட்டும்.

சாப்பாட்டைப் பற்றியே பேசுகிறோம், தே தாரிக்கை மறந்துவிட்டோம். அதில் ஊற்றும் கெட்டிப் பாலில் எடைக்கு ஏறக்குறையப் பாதி சீனி. 2019 ஜூலையில் வந்த சீனி வரி அடைத்து விற்கும் பானங்களுக்குத்தான், கடையில் ஆற்றித் தருவதற்கு இல்லை. பாலும் சீனியும் இல்லாத 'தே ஓ கோசோங்' என்றால் அப்பா முகம் சுளிப்பார். சீனி போடாத, வேறு பால் ஊற்றிய 'தே சி கோசோங்' பழகலாம். அந்தக் குவளையையும் படமெடுக்கட்டும்.

சரி, இனி உங்களிடம் வருகிறேன். இரவு 11 மணி ஆர்டரைப் போகிற போக்கில் எழுதிவிட்டீர்கள். 2019 தேசிய ஆய்வில் நாட்டின் பெரியவர்களில் ஏறக்குறைய ஐந்தில் ஒருவருக்கு இனிப்பு நீர் இருந்தது. இந்தியர்களிடம் அது மூன்றில் ஒருவரை நெருங்கியது. அப்பாவுக்கு இருக்கிறது, உங்களுக்கும் வர வாய்ப்பு கூடுதல். கடைசியாக எப்போது ரத்தம் சோதித்தீர்கள்? உணவு ஆர்டர் செயலியின் அறிவிப்புகளை அணைத்துவிடுங்கள். 'இன்னும் ஒரு மணி நேரம் தள்ளுபடி' என்பது களைத்து வருபவர்களைப் பார்த்தே வரும். கார்டு எண்ணையும் அழித்துவிடுங்கள். பதினாறு எண்களை மறுபடி தட்டுவதற்குள் பாதி நாள் 'வீட்டிலேயே ஒரு தோசை ஊற்றிக்கொள்வோம்' என்று தோன்றிவிடும். ஷிப்டுக்குப் போகும் முன் மாவை எடுத்து வைக்க அலாரம் போடுங்கள், அதுவும் ஒரு செயலிதான்.

முதல் வேலையாக அப்பாவின் இ-வாலட்டை அவர் எண்ணுக்கே மாற்றிக் கொடுத்துவிடுங்கள். குடும்ப வாட்ஸ்அப் குழுவில் முதல் படத்தை நீங்கள் போடுங்கள், இரவு 11 மணித் தட்டு, உள்ளது உள்ளபடி. அப்பா ஏதாவது சொல்லாமல் இருக்க மாட்டார். அடுத்த விடுமுறை நாளில் அந்தக் கடைக்கு நீங்களும் கூடப் போய், எதிரில் உட்கார்ந்து 'நாசி செப்பாரு' சொல்லுங்கள்.