பள்ளித் தலைமைக்குப் பெண்களை எப்படி ஊக்குவிப்பது?

ஆசிரியர்களில் பெண்கள் நிறைய, தலைமைப் பொறுப்பில் மட்டும் ஏன் குறைவு, எப்படி ஊக்குவிப்பது என்று கேட்டிருக்கிறீர்கள்.

திறமைக் குறைவு காரணமே இல்லை. 1909இலேயே எலா ஃபிளாக் யங் என்ற ஆசிரியை சிகாகோ நகரப் பள்ளிகள் முழுவதையும் நிர்வகிக்கும் பொறுப்பை ஏற்றார்.

பலர் விண்ணப்பிக்காததற்குக் காரணம், "நீங்கள் போடுங்கள் மேடம்" என்று யாரும் சொல்லாததுதான். வீட்டுப் பொறுப்பும் இழுக்கிறது, உண்மைதான்.

வெறும் பாராட்டு போதாது. கால அட்டவணை போடுவது, வரவு செலவு பார்ப்பது, பெற்றோர் கூட்டம் நடத்துவது, இவற்றில் ஒன்றை முழுதாக நீங்கள் ஊக்குவிக்க நினைக்கும் ஆசிரியையிடமே கொடுங்கள். முடிவும் அவருடையதாக இருக்கட்டும். தவறு நடந்தால் அவர் பக்கம் நில்லுங்கள். அப்புறம் பதவி காலியாகும்போது, அவர் இல்லாத கூட்டத்திலும் அவர் பெயரை நீங்களே எடுத்துச் சொல்லுங்கள்.