ரிஜிஸ்ட்ரியில் 1,300 பிழைகளா? பணம் கட்டும் முன் இதைப் படியுங்கள்

கேள்வி: எங்கள் வீட்டுக் கம்ப்யூட்டர் விண்டோஸ் 11. சில மாதங்களாக ஆன் ஆக நேரம் எடுக்கிறது. ஆன் ஆனதும் ஏதோ ஒரு ஃபைலைக் காணவில்லை என்று ஒரு பெட்டி வருகிறது. இலவச ரிஜிஸ்ட்ரி கிளீனர் ஒன்றை இறக்கி ஓட்டினேன். 1,300 பிழைகள் இருப்பதாகச் சிவப்பில் காட்டி, சரிசெய்யப் பணம் கேட்கிறது. வாங்கலாமா? ரிஜிஸ்ட்ரியை எத்தனை நாளுக்கு ஒருமுறை சுத்தம் செய்ய வேண்டும்?

பதில்: வாங்காதீர்கள். அந்த கிளீனரையும் இப்போதே அன்இன்ஸ்டால் செய்துவிடுங்கள். ரிஜிஸ்ட்ரியைத் தவறாமல் சுத்தம் செய்ய வேண்டும் என்பது, இந்த சாஃப்ட்வேர்களை விற்பவர்கள் கிளப்பிவிட்ட பேச்சு.

விண்டோஸும் நீங்கள் போட்டிருக்கும் புரோகிராம்களும் தங்கள் செட்டிங்குகளை எழுதி வைக்கும் இடம்தான் ரிஜிஸ்ட்ரி. ஒரு புரோகிராமை நீக்கும்போது அது எழுதியதில் சில வரிகள் மிச்சம் கிடக்கும். எப்போதோ திறந்த ஃபைலின் பெயர், கழற்றிவிட்ட பிரிண்டரின் விவரம் என்றும் கிடக்கும். உங்களுக்குச் சிவப்பில் காட்டியதில் பெரும்பகுதி இந்த மிச்சம்தான். விண்டோஸ் இவை எல்லாவற்றையும் முதலிலிருந்து கடைசிவரை படிப்பதில்லை. வேண்டிய விலாசத்துக்கு நேராகப் போய் எடுத்துக்கொள்கிறது. அகராதியில் நீங்கள் ஒருநாளும் பார்க்காத சொற்கள் எத்தனை இருந்தாலும், தேடும் சொல் கிடைக்கத் தாமதம் ஆவதில்லை அல்லவா? 1,300 வரிகளை நீக்கினாலும் வேகத்தில் ஒரு வித்தியாசமும் தெரியாது.

கெடுதல் மட்டும் நடக்கலாம். எந்த வரி மிச்சம், எந்த வரி இன்னொரு புரோகிராமுக்கும் தேவை என்று கிளீனருக்கு உறுதியாகத் தெரியாது. அது ஊகித்து அழிக்கிறது. விளைவு அன்றே தெரிந்தாலாவது பரவாயில்லை. மூன்று வாரம் கழித்து பிரிண்டர் வேலை செய்யாது, ஒரு புரோகிராம் திறக்காது. கிளீனர்தான் காரணம் என்று யாருக்கும் தோன்றாது. மைக்ரோசாஃப்ட்டே 1990-களில் ரெக்கிளீன் என்ற கருவியைக் கொடுத்துவிட்டுப் பின்னர் விலக்கிக்கொண்டது. இன்று ரிஜிஸ்ட்ரி கிளீனர்களைத் தாங்கள் ஆதரிப்பதில்லை என்று வெளிப்படையாகவே சொல்கிறது.

இலவச ஸ்கேன், காசு கொடுத்தால் ரிப்பேர் என்று எது வந்தாலும் அங்கேயே நிறுத்துங்கள். எண்ணிக்கையைப் பெரிதாகக் காட்டி பயமுறுத்துவதுதான் இந்த வியாபாரத்தின் முதலீடு. இப்படி ஸ்கேன் என்ற பெயரில் பயமுறுத்தி ரிப்பேர் சேவை விற்ற வழக்கில், 2024-ல் அமெரிக்காவில் நுகர்வோர் ஏமாறாமல் பார்க்கும் அரசு அமைப்பான ஃபெடரல் டிரேட் கமிஷனுக்கு 2.6 கோடி டாலர் கட்ட சைப்ரஸைச் சேர்ந்த இரண்டு நிறுவனங்கள் ஒப்புக்கொண்டன. அதற்குப் பிறகும் இந்த விளம்பரங்கள் ஓயவில்லை.

அடுத்த வலை போனில் வரும். விண்டோஸில் நடப்பதையெல்லாம் பதிவு செய்யும் ஈவன்ட் வியூவரைத் திறக்கச் சொல்லி, அங்கே வரிசையாக இருக்கும் சிவப்புக் குறிகளைக் காட்டி, "உங்கள் ரிஜிஸ்ட்ரி கெட்டுவிட்டது" என்பார்கள். நன்றாக ஓடும் கம்ப்யூட்டரிலும் அந்தச் சிவப்புக் குறிகள் இருக்கும். அதை வைத்து யாரையும் உங்கள் கம்ப்யூட்டருக்குள் ரிமோட்டில் விடாதீர்கள். ஏற்கெனவே விட்டிருந்தால் இன்டர்நெட்டைத் துண்டித்து, அவர்கள் போடச் சொன்ன ரிமோட் சாஃப்ட்வேரை நீக்கி, வேறொரு கருவியிலிருந்து பேங்க், மெயில் பாஸ்வேர்டுகளை மாற்றுங்கள்.

ரிஜிஸ்ட்ரியில் கை வைக்க வேண்டிய இடம் ஒன்று உங்கள் கேள்வியிலேயே இருக்கிறது: ஆன் ஆனதும் வரும் அந்தப் பெட்டி. ஏதோ ஒரு ஃபைல் போய்விட்டது. ஆனால் "ஆன் ஆனதும் அதை ஓட்டு" என்ற வரி மட்டும் தங்கிவிட்டது. பெட்டியில் வரும் ஃபைல் பெயரை எழுத்து பிசகாமல் குறித்துக்கொள்ளுங்கள். கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்தினால் டாஸ்க் மேனேஜர் வரும். ஸ்டார்ட்அப் ஆப்ஸ் பகுதியில் அந்தப் பெயர் இருந்தால் டிசேபிள் செய்யுங்கள். பெரும்பாலும் இதோடு முடிந்துவிடும்.

முடியவில்லை என்றால் ரிஜிஸ்ட்ரி எடிட்டரைத் திறந்து, இடப்பக்கத்தில் எச்கீ கரன்ட் யூசர், சாஃப்ட்வேர், மைக்ரோசாஃப்ட், விண்டோஸ், கரன்ட்வெர்ஷன், ரன் என்று படிப்படியாக இறங்குங்கள். ரன் மேல் ரைட் கிளிக் செய்து எக்ஸ்போர்ட் கொடுத்து ஒரு நகலைச் சேமியுங்கள். வலப்பக்கத்தில் டேட்டா என்ற பத்தியில் நீங்கள் குறித்த ஃபைல் பெயர் வரும் அந்த ஒரு வரியை மட்டும் டெலீட் செய்யுங்கள். இடப்பக்கத்து ரன் ஃபோல்டரை அல்ல! இந்த எடிட்டரில் சேவ் பட்டன் கிடையாது, அன்டூவும் கிடையாது. அழித்த நொடியே அழிந்ததுதான். அங்கே இல்லை என்றால் எச்கீ லோக்கல் மெஷினுக்குள் இதே வழியில் பாருங்கள். அங்கும் இல்லையா? குறித்த நேரத்தில் வேலைகளைத் தானாக ஓட்டும் டாஸ்க் ஷெட்யூலரில் ஒளிந்திருக்கலாம். அந்த ஃபைல் டெம்ப் அல்லது ஆப்டேட்டா ஃபோல்டரில் இருந்து, பெயரும் அர்த்தமில்லாத எழுத்துகளாக இருந்தால், ஆன்டிவைரஸ் நீக்கிய ஏதோ ஒன்றின் வாலாக இருக்கலாம். ஃபுல் ஸ்கேன் ஒன்று ஓட்டிவிடுங்கள்.

எக்ஸ்போர்ட் செய்த நகலை மட்டும் நம்பி வேறு எங்கும் கை வைக்காதீர்கள். அதைத் திரும்ப ஏற்றினால் அழிந்தது வந்து சேரும். ஆனால் இடையில் புதிதாகச் சேர்ந்த தப்பான வரிகள் அப்படியே இருக்கும். முழுப் பாதுகாப்புக்கு ரிஸ்டோர் பாயின்ட் வேண்டும். கம்ப்யூட்டரின் செட்டிங்குகளைப் பழைய தேதியின் நிலைக்குத் திருப்ப விண்டோஸ் எடுத்து வைக்கும் பதிவு அது. அதுவோ பல கம்ப்யூட்டர்களில் அணைத்தே வைக்கப்பட்டிருக்கிறது. ஸ்டார்ட் மெனுவில் "கிரியேட் எ ரிஸ்டோர் பாயின்ட்" என்று தேடி, சி டிரைவுக்குக் கான்ஃபிகர் பட்டனில் புரொடெக்‌ஷனை ஆன் செய்து, 5 முதல் 10 சதவீத இடம் ஒதுக்கி, கிரியேட் கொடுங்கள்.

முன்பெல்லாம் விண்டோஸ் தானாகவே ரிஜிஸ்ட்ரிக்கு ஒரு நகல் எடுத்து ரெக்பேக் என்ற ஃபோல்டரில் வைக்கும். 2018-ல் வந்த விண்டோஸ் 10-ன் 1803 பதிப்பிலிருந்து, டிஸ்க் இடத்தை மிச்சப்படுத்த என்று சொல்லி அதை நிறுத்திவிட்டார்கள். நிறுத்தியதைப் பயனருக்கு ஒரு வார்த்தை சொல்லவில்லை. அந்த ஃபோல்டரில் ஃபைல்கள் பெயருக்கு இருக்கும், அளவு பூஜ்யம். நகல் எடுக்கும் வேலையோ "வெற்றிகரமாக முடிந்தது" என்றே பதிவாகும்! கம்ப்யூட்டர் கெட்டுப்போன நாளில்தான் நகல் இல்லை என்பது தெரியவரும். இதற்கு என்ன சமாதானம் சொன்னாலும் ஏற்க முடியாது. பழைய குறிப்புகளைப் பார்த்து ரெக்பேக்கிலிருந்து காப்பி செய்துவிடாதீர்கள். பூஜ்ய ஃபைலை நல்ல ஃபைலின் மேல் எழுதினால் கதை முடிந்தது.

ரிஜிஸ்ட்ரி நிஜமாகவே கெடுவதும் உண்டு. அப்போது 1,300 என்று எண்ணெல்லாம் வராது. நீலத் திரையில் "ரிஜிஸ்ட்ரி எரர்" அல்லது "பேட் சிஸ்டம் கான்ஃபிக் இன்ஃபோ" என்று வரும். விண்டோஸ் ஏறவே ஏறாது. எழுதிக்கொண்டிருக்கும்போது கரன்ட் போவது, சாகும் நிலையில் உள்ள டிஸ்க், பழுதான ரேம் ஆகியவை வழக்கமான காரணங்கள். டிஸ்க் மேல் சந்தேகம் இருந்தால், டிஸ்க்கைச் சோதிக்கும் செக்டிஸ்க் கருவியை ஓட்டும் முன் போட்டோ, டாக்குமென்ட்டுகளை வேறு இடத்தில் காப்பி செய்யுங்கள். அந்தச் சோதனையின் அழுத்தத்திலேயே பலவீனமான டிஸ்க் உயிரை விடலாம்.

விண்டோஸ் ஏறாவிட்டால், ஏறும் நேரத்தில் மூன்று முறை பவர் பட்டனை அழுத்திப் பிடித்து அணைத்தால் ரிப்பேர் திரை தானாக வரும். டிரபிள்ஷூட், அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸ், சிஸ்டம் ரிஸ்டோர் என்று போய், பிரச்சினைக்கு முந்தைய தேதியைத் தேர்ந்தெடுங்கள். உங்கள் டாக்குமென்ட்டுகள் அப்படியே இருக்கும். அந்தத் தேதிக்குப் பின் போட்ட புரோகிராம்கள் போய்விடும். டிஸ்க் என்கிரிப்ட் ஆகியிருந்தால், அதாவது கீ இல்லாமல் படிக்க முடியாதபடி பூட்டப்பட்டிருந்தால், அந்தத் திரை 48 இலக்க பிட்லாக்கர் கீயைக் கேட்கும். பல புதிய கம்ப்யூட்டர்களில் இந்த என்கிரிப்ஷன் உங்களைக் கேட்காமலே ஆன் ஆகியிருக்கும். ஆகவே கம்ப்யூட்டர் ஓடும்போதே உங்கள் மைக்ரோசாஃப்ட் அக்கவுன்ட்டில் அந்த கீயைத் தேடி ஒரு தாளில் எழுதி வையுங்கள்.

ஆன் ஆகத் தாமதமாவதற்கு டாஸ்க் மேனேஜரில் ஸ்டார்ட்அப் பட்டியலைக் குறையுங்கள், சி டிரைவில் கொஞ்சம் இடம் விடுங்கள். உள்ளே இருப்பது பழைய சுழலும் ஹார்ட் டிஸ்க்காக இருந்தால், கிளீனருக்குக் கொடுக்க இருந்த பணத்தைச் சுழலும் பாகம் இல்லாத வேகமான டிஸ்க்கான எஸ்எஸ்டி வாங்கப் போடுங்கள். வேகம் அதில்தான் வரும்.