சிங்கப்பூர் - கோலாலம்பூர்: டிக்கெட்டில் 70 நிமிடம், வானத்தில் 40 நிமிடம்

விமானப் பயணங்களைத் திட்டமிடும் மேசையில் பல வருடம் உட்கார்ந்தவன் நான். இந்த வாரம் வந்த கேள்விகளில் பாதி, இந்த ஒரு வழித்தடத்தைப் பற்றியே.

அண்ணே, சிங்கப்பூரிலிருந்து கோலாலம்பூர் எத்தனை கிலோமீட்டர்? ஒரு இடத்தில் 297, இன்னொன்றில் 315, வேறொன்றில் 350 என்கிறார்கள். எது சரி? (ஜூரோங்)

மூன்றும் சரிதான் தம்பி. சிங்கப்பூரின் சாங்கி விமான நிலையத்திலிருந்து கோலாலம்பூர் விமான நிலையமான கேஎல்ஐஏ வரை நேர்கோட்டில் சுமார் 297. இரு நகர மையங்களுக்கு இடையே நேர்கோட்டில் சுமார் 315. கேஎல்ஐஏ இருப்பது நகரத்துக்குத் தெற்கே, சிப்பாங்கில். அதனால் விமானத்துக்குத் தூரம் கொஞ்சம் குறைகிறது. 350 என்பது சாலைக் கணக்கு.

டிக்கெட்டில் 1 மணி 10 நிமிடம் போட்டிருந்தது. நான் வாட்ச் வைத்துப் பார்த்தேன், பறந்தது 40 நிமிடம்தான். ஏமாற்றுகிறார்களா? (கிள்ளான்)

இல்லை. டிக்கெட்டில் போடுவது, இங்கே விமானம் பயணிகள் ஏறும் வாயிலை விட்டு நகர்ந்ததிலிருந்து அங்கே வாயிலில் போய் நிற்கும்வரை ஆகும் நேரம். சாங்கியில் பின்னால் தள்ளி, ஓடுபாதை வரை ஊர்ந்து, முன்னால் நிற்கும் நாலைந்து விமானங்களுக்குப் பிறகு கிளம்ப வேண்டும். கேஎல்ஐஏவில் மூன்று ஓடுபாதைகள். தூரத்து ஓடுபாதையில் இறக்கினால், "பஸ்ஸிலேயே வந்திருக்கலாமோ" என்று நினைக்கும் அளவுக்கு உருட்டிக்கொண்டே போவார்கள்.

சரி, மணிக்கு 850 கி.மீ. வேகத்தில் 297 கி.மீ. போக 21 நிமிடம் போதுமே என்று அடுத்துக் கேட்பீர்கள். அந்த வேகம் உயரே போனால்தான். 10,000 அடிக்குக் கீழே வழக்கமான வரம்பு 250 நாட், அதாவது மணிக்குச் சுமார் 460 கி.மீ. இந்தக் குட்டிப் பயணத்தில் ஏறி முடித்த கொஞ்ச நேரத்திலேயே இறங்கத் தொடங்கிவிடுவோம். பாதையும் நேர்கோடு இல்லை. மதியத்துக்கு மேல் இடிமழை பிடித்தால் வானத்திலேயே இரண்டு சுற்று வேறு.

ஜகார்த்தாவுக்கு 50 நிமிடத்தில் போய்விடலாமா? 10 மணிக்குக் கிளம்பி 10.50க்கு இறங்கும் என்று இருக்கிறது! (ஈசூன்)

முடியாதும்மா. சுமார் 880 கி.மீ., 1 மணி 50 நிமிடம் ஆகும். ஜகார்த்தா கடிகாரம் ஒரு மணி நேரம் பின்னால். திரும்பி வரும்போது அந்த ஒரு மணி நேரத்தைத் திருப்பிக் கொடுக்க வேண்டும். கோலாலம்பூருக்கு இந்தக் குழப்பம் இல்லை. 1982 தொடக்கத்தில் தீபகற்ப மலேசியா கடிகாரத்தை அரை மணி நேரம் முன்னே தள்ளியபோது சிங்கப்பூரும் சேர்ந்தே தள்ளிக்கொண்டது.

அம்மாவுக்குச் சர்க்கரை. சாப்பாடு தருவார்களா? (ஈப்போ)

நம்பி ஏறாதீர்கள். பணிப்பெண்கள் தண்ணீர் கொடுத்து முடிப்பதற்குள் பெல்ட் விளக்கு எரிந்துவிடும். கையில் பிஸ்கட் இருக்கட்டும்.

பஸ்ஸா, ஃபிளைட்டா? (உட்லண்ட்ஸ்)

வீட்டிலிருந்து சாங்கிக்கு முக்கால் மணி, அங்கே காத்திருக்க இரண்டு மணி, பயணம் 1.10, குடிநுழைவில் அரை மணி, பிறகு நகருக்குள் இருக்கும் கேஎல் சென்ட்ரல் ரயில் நிலையத்துக்கு விரைவு ரயிலில் அரை மணி. கூட்டினால் ஐந்து மணி நேரம் வந்துவிட்டது. பஸ் ஐந்தாறு மணி நேரம். உட்லண்ட்ஸ்காரருக்கு மலேசியாவுக்குப் போகும் கடற்பாலம் வாசலில்தானே. வார நாள் என்றால் நான் பஸ் ஏறச் சொல்வேன். பாலத்தில் நெரிசல் பிடிக்கும் வெள்ளிக்கிழமை சாயங்காலம் என்றால் மட்டும் சாங்கிக்கு விடுங்கள் வண்டியை.