சிபிஆரை, அதாவது இதயம் நின்றவரின் நெஞ்சை அழுத்திச் செய்யும் முதலுதவியை, வீடியோ பார்த்தே கற்றுக்கொள்ள முடியுமா? பயிற்சி வகுப்புக்குப் போகத்தான் வேண்டுமா?

பாதியை வீடியோவிலேயே கற்கலாம். எப்போது தொடங்குவது என்பது கண்ணால் பார்த்தாலே புரியும். எவ்வளவு அழுத்துவது என்பது கைக்குத்தான் தெரிய வேண்டும்.

முதல் பாதியிலேயே பலர் கோட்டைவிடும் இடம் ஒன்று உண்டு. இதயம் நின்றவர் முதல் சில நிமிடங்களுக்கு அவ்வப்போது வாயைத் திறந்து, குறட்டை மாதிரி சத்தத்தோடு காற்றை இழுக்கலாம். "மூச்சு இழுக்குது, உயிர் இருக்கு" என்று சுற்றியிருப்பவர்கள் காத்து நிற்பார்கள். அது சுவாசமே இல்லை. தோளைத் தட்டிக் கூப்பிட்டும் அசைவில்லை, மார்பு சீராக ஏறி இறங்கவில்லை என்றால் 108-ஐ அழைத்து, போனை ஸ்பீக்கரில் போட்டுவிட்டு ஆரம்பித்துவிடுங்கள். நாடி தேடாதீர்கள். பதற்றத்தில் உங்கள் விரலின் துடிப்பே அவருடையது போலத் தோன்றும்.

கட்டிலில் கிடந்தால் தரைக்கு இறக்குங்கள். மெத்தையில் அழுத்தினால் மெத்தைதான் அமுங்கும். நெஞ்செலும்பின் கீழ்ப்பாதியில் உள்ளங்கையின் அடிப்பகுதி, அதன் மேல் இன்னொரு கை. முழங்கை மடங்காமல், தோள் கைக்கு நேர் மேலே இருந்தால் உடல் எடையே வேலை செய்யும். பெரியவர்களுக்கு ஆழம் 5 முதல் 6 செ.மீ., வேகம் நிமிடத்துக்கு 100 முதல் 120. அதாவது 30 அழுத்தம் 15 முதல் 18 வினாடிக்குள்.

படிக்க எளிது. பயிற்சிப் பொம்மையில் கை வைத்தால்தான் 5 செ.மீ. எவ்வளவு ஆழம் என்று தெரியும். புதியவர்கள் பயந்து பாதியில் நிறுத்திவிடுகிறார்கள். விலா எலும்பு முறியலாம், முறிந்தாலும் தொடர வேண்டியதுதான். இன்னொரு தவறு, ஒவ்வொரு அழுத்தத்துக்குப் பிறகும் மார்பு முழுதாக எழும்ப விடாமல் அதன் மேலேயே சாய்ந்திருப்பது. எழும்பாவிட்டால் இதயத்துக்குள் ரத்தம் நிரம்பாது, அடுத்த அழுத்தம் வீண். களைப்பு வருவதும் நமக்குத் தெரியாது, ஆழம்தான் முதலில் குறையும். அதனால் 2 நிமிடத்துக்கு ஒருமுறை ஆள் மாற வேண்டும்.

வாயோடு வாய் மூச்சு கொடுக்கப் பழகாதவர் நெஞ்சை மட்டும் அழுத்தினால் போதும். நீரில் மூழ்கியவருக்கு அது போதாது. அங்கே குறைவது ஆக்சிஜன். முதலில் 2 மூச்சு, பிறகு 30 அழுத்தம், இப்படியே மாறி மாறி. கிணற்றில் விழுந்தவரைக் குப்புறப் போட்டு வயிற்றை அமுக்குவது, தலைகீழாகச் சுற்றுவது எல்லாம் வாந்தியை நுரையீரலுக்குள் அனுப்பும் வேலை.

செஞ்சிலுவைச் சங்கம், செயின்ட் ஜான் ஆம்புலன்ஸ் போன்றவை முதலுதவிப் பயிற்சி தருகின்றன. எங்கே சேர்ந்தாலும் கட்டணத்துக்கு முன்னால் இதைக் கேளுங்கள்: எத்தனை பேருக்கு எத்தனை பொம்மை? 40 பேருக்கு ஒன்று என்றால் சான்றிதழ் கிடைக்கும், கை பழகாது. பழகிய கையும் சில மாதங்களில் மறந்துவிடும். ஆறு மாதத்துக்கு ஒருமுறை பொம்மையில் தொட்டுப் பாருங்கள். வீட்டில், சீராகத் தாளம் தட்டும் மெட்ரோனோம் செயலியை நிமிடத்துக்கு 110-இல் வைத்து, தரையில் போட்ட கெட்டித் தலையணையில் வேகத்தை மட்டும் பழகலாம். உயிருள்ள ஆளின் நெஞ்சில் ஒருபோதும் பழகாதீர்கள்.