துரைக்குப் பங்களா, நமக்கு லைன்

வாசகர் கடிதம்:

அன்புள்ள ஐயா, இலங்கை மலையகத்தில், ஹட்டனுக்குப் பக்கத்தில் ஒரு தேயிலைத் தோட்டப் பாடசாலையில் ஆங்கிலம் கற்பிக்கிறேன். தரம் ஒன்பது பிள்ளைகளிடம் ‘ஹவுஸ்’ என்ற சொல்லுக்கு ஒத்த கருத்துச் சொற்கள் எழுதச் சொன்னேன். ஹோம், ரெசிடென்ஸ், ட்வெல்லிங், காட்டேஜ் என்று எதிர்பார்த்தேன். ஒரு பிள்ளை, தோட்டத் தொழிலாளர் இருக்கும் வரிசைக் குடியிருப்பின் பெயரான ‘லைன்’ என்பதை எழுதியிருந்தாள். பிழை போட்டுவிட்டேன். பிறகு மனம் ஒப்பவில்லை. ஹவுஸ் என்பது கட்டடம், ஹோம் என்பது அன்பு என்று விளக்குவது சரிதானா? நம் பிள்ளைகள் ஏன் பிறமொழிச் சொற்களைத் தமிழோடு கலந்தே பேசுகிறார்கள்? இந்தச் சொற்களின் நுட்பமான வேறுபாடுகளை ஒரு பட்டியலாகத் தந்தால் வகுப்பில் கொடுக்க உதவியாக இருக்கும்.
ஓர் ஆசிரியை

அன்புள்ள டீச்சர்,

பட்டியல் கேட்டு வரும் கடிதங்களுக்கு நான் பொதுவாகப் பதில் எழுதுவதில்லை. உங்கள் கடிதத்தில் அந்தப் பிள்ளை இருந்ததால் எழுதுகிறேன். அவள் எழுதிய அதே சொல்லைத்தான் கொஞ்ச காலமாக நானும் கிளறிக்கொண்டிருக்கிறேன். முதல் வேலையாகப் பிழையை அழித்துச் சரி போடுங்கள்.

ஹவுஸ், ஹோம் விளக்கத்தை வேண்டுமானால் சொல்லிக்கொடுங்கள், பாதகமில்லை. வாழ்த்து அட்டைக்குப் போதுமான விளக்கம். ஆனால் வீடு விற்கும் தரகரும் ‘ஹோம்’ என்றுதான் விளம்பரம் செய்கிறார். முதியவர்களைக் கொண்டுபோய் விடும் இடத்துக்கும் அதே பெயர்தான். அங்கே அன்பு எவ்வளவு என்பது போய்ப் பார்த்தவர்களுக்குத் தெரியும். மொழிக்கலப்பைப் பற்றிய கவலையை விட்டுத்தள்ளுங்கள். அறையைக் குறிக்கும் காம்பரா போர்த்துக்கேயர் விட்டுப்போனது, முன்திண்ணையைக் குறிக்கும் இஸ்தோப்பு ஒல்லாந்தருடையது. இரண்டையும் திருப்பிக் கொடுத்துவிட்டால் நம் பாட்டிமாருக்குப் படுக்கவும் இடமில்லை, உட்காரவும் இடமில்லை.

எனக்கு எரிச்சல் ஊட்டுவது ‘ஒத்த கருத்துச் சொற்கள்’ என்ற அந்தத் தலைப்பு. பீட்டர் மார்க் ரொஜெட் என்ற ஆங்கில மருத்துவர் 1852இல் தம்முடைய சொற்களஞ்சியத்தை வெளியிட்டார். ஒரு கருத்தைச் சுற்றியுள்ள சொற்களை ஓரிடத்தில் சேர்த்து வைத்தார். மனதில் கருத்து இருந்தும் சொல் கிடைக்காமல் தவிப்பவர் தேடி எடுத்துக்கொள்ளட்டும் என்பது அவர் நோக்கம். எந்தச் சொல்லையும் எந்தச் சொல்லின் இடத்திலும் வைக்கலாம் என்று அவர் சொல்லவில்லை. அதைச் சொல்பவர்கள் நம் வினாத்தாள் தயாரிப்பவர்கள். நீங்களும் அவர்களோடு சேர்ந்துகொண்டீர்கள்.

அந்தப் புத்தகம் வந்த காலத்தில் தென்னிந்தியாவிலிருந்து வந்த நம்முடைய ஆட்கள் இந்த மலைகளில் கோப்பிக் காட்டில் இருந்தார்கள். தேயிலை வந்தது அதற்குப் பிறகு, 1867இல் லூல்கந்துர தோட்டத்தில் ஜேம்ஸ் டெய்லர் தொடங்கியது. பயிர் மாறியது, லைன் மாறவில்லை.

ஒரு தோட்டத்தை எடுத்துக்கொள்ளுங்கள். தோட்டத்தை நிர்வகிக்கும் துரை இருப்பது பங்களா. ஆபீஸ் கிளாக்கரும் தேயிலைத் தொழிற்சாலை டீமேக்கரும் இருப்பது குவாட்டர்ஸ். கொழுந்து எடுப்பவர்கள் இருப்பது லைன். மூன்றிலும் சோறு பொங்குகிறார்கள், தூங்குகிறார்கள், பிள்ளை வளர்க்கிறார்கள். அகராதிப்படி மூன்றும் ஹவுஸ்தான். ஒருமுறை ஆபீசுக்குப் போய், “துரையின் லைனில் கூரை ஒழுகுகிறதாமே” என்று சொல்லிப் பாருங்கள். யாரும் சிரிக்கமாட்டார்கள். பயந்துவிடுவார்கள்.

பங்களா என்பது வங்காளத்திலிருந்து வந்த சொல். அந்தப் பக்கத்துக் கூரை வேய்ந்த, மாடியில்லாத வீட்டின் பாணி. வெள்ளைக்காரர் அதை எடுத்துத் தமக்கென்று பெரிதாக்கிக்கொண்டார்கள். லைன் வந்தது படைமுகாமிலிருந்து. சிப்பாய்களின் குடில்கள் வரிசையாக நிற்கும் இடம் லைன்ஸ். குதிரைகளை வரிசையாகக் கட்டி வைக்கும் இடமும் லைன்ஸ்தான். அந்தச் சொல்லுக்குள் எங்கே தேடினாலும் சுவரோ கூரையோ கிடையாது. வரிசைதான் இருக்கிறது. பத்தடிக்குப் பன்னிரண்டடிக் காம்பராக்களை எண்ணிச் சொல்லலாம்: எட்டுக் காம்பரா லயம், இருபது காம்பரா லயம். நாம் ‘லைன்’ என்பதை ‘லயம்’ ஆக்கிக்கொண்டோம். சங்கீத வித்துவான் யாராவது கேட்டால் குழம்பிப்போவார்.

ஆனால் கவனித்திருக்கிறீர்களா? லயத்துக்குள் இருப்பவர் தம் இடத்தை லயம் என்று சொல்வதில்லை. பாடசாலை விட்டதும் உங்கள் பிள்ளைகள் வீட்டுக்குத்தான் போகிறார்கள். மேல் லயமா, பணிய (கீழ்) லயமா, தொங்கல் (கடைசி) காம்பராவா என்பதெல்லாம் வெளியாள் வழி கேட்கும்போது வரும் பேச்சு. அந்தப் பிள்ளை நீங்கள் கேட்டது ஆங்கிலம் என்பதால், ஆங்கிலக்காரன் அவள் வீட்டுக்கு வைத்த பெயரைச் சரியாக எழுதியிருக்கிறாள்.

எனக்கு ஆங்கிலம் ஓரளவு எழுத்துக்கூட்டத் தெரிந்த வயதில் அப்பா காம்பராவுக்குப் பின்னால் பழைய தகரத்தையும் கம்புகளையும் வைத்து ஓர் அடுப்படி இறக்கினார். அம்மாவுக்கு இழுப்பு. உள்ளே புகை தாங்கவில்லை. சில நாட்களில் ஆபீசிலிருந்து தட்டச்சு செய்த ஒரு கடிதம் வந்தது. எங்கள் லயத்தில் அதை வாசிக்கக்கூடிய ஒரே ஆள் நான். அனுமதியில்லாத ‘ஸ்ட்ரக்சர்’ ஒன்றை அகற்ற வேண்டும் என்று இருந்தது. அகராதியைப் புரட்டி, “கட்டமைப்பு என்று போட்டிருக்கிறது அப்பா” என்றேன். அப்பா சுற்றுமுற்றும் பார்த்தார். “அப்படி ஒன்றும் நம்மிடம் இல்லையே” என்றார். கிண்டலுக்குச் சொல்லவில்லை, உண்மையாகவே தேடினார். அடுப்படியைத்தான் சொல்கிறார்கள் என்று நான்தான் சொல்ல வேண்டியிருந்தது. மறுநாள் காலையில் வேலைக்குப் பெயர் பதியும் பிரட்டுக்குப் போவதற்கு முன் அவரே பிரித்துப் போட்டார்.

அடுப்படியை அடுப்படி என்றே எழுதியிருந்தால் உடைக்கச் சொல்லும் கைக்குக் கொஞ்சமாவது கூசியிருக்கும். ஸ்ட்ரக்சரை உடைக்க யாருக்கும் கூசாது. உங்கள் பட்டியலில் அந்தச் சொல்லும் இல்லை, டீச்சர்.

ரெசிடென்ஸ் இருக்கிறது. “மரியாதையான சொல், எழுத்தில் வருவது” என்று பிள்ளைகளுக்குச் சொல்லிவிட்டுக் கடந்திருப்பீர்கள். கடக்க விடமாட்டேன். 1948இன் 18ஆம் இலக்கப் பிரசாவுரிமைச் சட்டம் நம்மவர்களில் பெரும்பாலானோரைக் குடியுரிமைக்கு வெளியே நிறுத்தியது. அடுத்த ஆண்டு, அந்த உரிமை கேட்டு மனுப் போட வழிவைத்த 3ஆம் இலக்கச் சட்டம் வந்தது. அதன் பெயரிலேயே ‘ரெசிடென்ட்ஸ்’ இருக்கிறது: இந்திய, பாகிஸ்தானிய வதிவோர். மணமானவர் 1946 ஜனவரி 1க்கு முன்னால் இடைவிடாமல் 7 ஆண்டுகள், மணமாகாதவர் 10 ஆண்டுகள் இங்கே வதிந்ததைக் காட்ட வேண்டும். வாழ்ந்தாயா என்று சட்டம் கேட்கவில்லை. இந்த மலையில் பிறந்து, இதே மலையில் தாயைப் புதைத்த மனிதரிடம் வதிந்தாயா என்று கேட்டது. வாழ்ந்ததற்கு ஊரே சாட்சி சொல்லும். வதிந்ததற்குக் காகிதம் வேண்டும். கடிதம்கூடத் தோட்ட ஆபீசுக்கு வந்து, அங்கிருந்து கைமாறிக் கிடைத்த ஜனங்களிடம் என்ன காகிதம் இருக்கும்? ஆயிரக்கணக்கானவர்களின் மனுக்கள் அந்த இடத்தில்தான் விழுந்தன. இன்றும் கிராம உத்தியோகத்தரிடம் நாம் வாங்குவது வதிவிடச் சான்றிதழ். அதற்காக வரிசையில் நிற்கும்போது இந்தச் சொல் ‘ஹவுஸ்’ என்பதற்கு ஒத்ததா என்று உங்கள் வகுப்புப் பிள்ளைகளின் பாட்டனாரிடம் கேளுங்கள். ஆங்கில அகராதியை விட நன்றாகச் சொல்வார்.

இப்போது ஒரு துண்டுக் காணியில் வீடு வருகிறது. 2017 மே மாதம் நம் மலையகத்து நோர்வூட்டுக்கு வந்த இந்தியப் பிரதமர், முன்பே ஒப்புக்கொண்ட 4,000 வீடுகளோடு மேலும் 10,000 என்று அறிவித்தார். கிடைத்தவர்களுக்கு நல்லது, கிடைக்காதவர்கள் லயத்திலேயே இருக்கிறார்கள். நம் ஜனங்கள் அதற்கு வைத்த பெயர் ‘தனி வீடு’. யாழ்ப்பாணத்துக் கிராமத்தில் எவரும் தம் வீட்டைத் தனி வீடு என்று சொல்லி நான் கேட்டதில்லை. அங்கே வீடென்றாலே தனிதான்.

பட்டியல் அனுப்பப் போவதில்லை. ட்வெல்லிங் பழைய சொல், பரீட்சைக்கு அவ்வளவு போதும். காட்டேஜ் என்பது இங்கிலாந்தில் ஒரு காலத்தில் பண்ணைக் கூலியாட்கள் இருந்த சிறு வீடு. இன்று நுவரெலியாவில் அந்தப் பெயரில் பலகை மாட்டி ஏப்ரல் சீசனில் விருந்தாளிகளுக்கு வாடகைக்கு விடுகிறார்கள். துரைமாரின் பழைய பங்களாக்களும் அப்படியே ஹோட்டலாகிவிட்டன. ஏதாவது ஒரு தோட்டத்தில் லயத்துக்கு வெள்ளையடித்து, ‘லைன்’ என்றே பலகை போட்டு, சுற்றுலாப் பயணிகளுக்கு விட்டால் எனக்கு உடனே எழுதுங்கள். முதல் ஆளாக வந்து தங்குகிறேன். வாடகை உங்கள் பொறுப்பு.